இசட் ஆங்கிள் ஜன்னலைக் கழற்றுவதற்கு முன்

செட்டிநாடு என்றால் எல்லாரும் தேக்கு நிலைக்கதவைத்தான் படம் எடுக்கிறார்கள். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் கேமராவோடு போகிறவர்கள், போகிற வழியில் காரைக்குடி சுப்பிரமணியபுரத்தையோ செக்காலையையோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வதும் கஷ்டம்தான். மொட்டை மாடி, மொசைக் தரை, சிமெண்ட் ஜாலி, பச்சையோ சாம்பலோ பூசிய இரும்பு ஜன்னல். கல்லூரி வாத்தியார்களும் வங்கிக் குமாஸ்தாக்களும், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர்களும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. அப்பா கட்டிய எங்கள் வீடும் அந்த ரகம்.

இந்த வீடுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகள் வந்து பழுது பார்க்கிறார்கள். பழுது என்று ஆரம்பித்தாலே முதலில் போவது ஜன்னல். எங்கள் தெருவில் வரிசையாக யுபிவிசி என்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் ஏறிக்கொண்டிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றி வீசப்படுகிற இரும்பு ஜன்னல்களில் பல இன்னும் இருபது வருடம் தாங்கும். கழற்றியே ஆக வேண்டியவையும் உண்டு. எது எது என்று ஜன்னல் ஜன்னலாகத் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வீடு மொத்தத்துக்கும் சதுர அடிக் கணக்கில் ஒரே விலை வாங்கினால் அந்தத் தட்டிப் பார்க்கிற வேலையே நடக்காது. விற்க வருகிறவருக்கும் அது தேவையில்லை.

தேக்கு ஊரில் இரும்பு ஜன்னல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளுக்குத் தேக்கு வந்தது, அவர்கள் தொழில் நடத்திய பர்மாவிலிருந்து. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். 1948இல் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962இல் ராணுவ ஆட்சி. இருபது வருடத்துக்குள் தொழிலும் போயிற்று, பணமும் போயிற்று, மரம் வந்த வழியும் அடைபட்டது. அதே காலத்தில்தான் காரைக்குடி வேறு மாதிரி வளர ஆரம்பித்தது. 1947இல் அழகப்பா கலைக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, 1953இல் சிக்ரி. சம்பளக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பத்து முழ முற்றமும் வளவும் கட்டுப்படியாகாது. மனை சின்னது, வீடு சின்னது, தேக்கு எட்டாத விலை. இரும்பு சல்லிசாகக் கிடைத்தது. கரையான் அரிக்காது, மழையில் உப்பாது, திருடன் கை வைக்க யோசிப்பான்.

இந்த ஜன்னலின் பூர்வீகம் இங்கிலாந்து. எசெக்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் 1884இல் இரும்பு ஜன்னல் செய்யத் தொடங்கினார். 1926இல் அந்த நிறுவனம் சில்வர் எண்ட் என்று தன் தொழிலாளர்களுக்காக ஒரு ஊரையே உருவாக்கியது. தட்டையான கூரை, வெள்ளைச் சுவர், மெல்லிய இரும்பு ஜன்னல். அந்தப் படங்களைப் பார்த்தால் நம் ஊர் அரசுக் குடியிருப்பு ஞாபகம் வரும். நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 1038 என்று ஒரு தரக்கட்டுப்பாடே உண்டு. ஆனால் காரைக்குடி வீடுகளில் இருப்பதில் பாதி, அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத உள்ளூர்ப் பட்டறைகளில் செய்தது. குறுக்கே வெட்டினால் Z, T எழுத்து மாதிரி தெரிகிற இசட் ஆங்கிள், டி ஆங்கிள் இரும்புப் பட்டைகளை வாங்கி, வெட்டி, வெல்டு வைத்து, அப்படியே கிரில்லையும் சட்டத்தோடு சேர்த்துப் பற்ற வைத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு கிரில்லில் உதயசூரியன் மாதிரி கதிர் விரியும். கட்சி அபிமானமெல்லாம் இல்லை. அந்தக் காலத்தில் பாதி கேட்டுகளில் அந்தக் கதிர்தான்.

இங்கிலாந்தில் இந்த ஜன்னலை ஏன் மாற்றினார்கள் என்பதைப் பார்த்தால், இங்கே நமக்குச் சொல்லப்படுகிற காரணங்களில் எது இரவல் என்று புரியும். அங்கே குளிர். ஒற்றைக் கண்ணாடி, அதைச் சுற்றி இரும்பு. வெளியே உறைபனி இருக்கும்போது சட்டத்தின் உள்பக்கமும் சில்லிட்டுப் போகும். வீட்டுக்குள் சமையல், குளியல் ஆவி அதில் பட்டு நீராக வழியும். விளிம்பில் பூஞ்சணம். கணப்புக்குச் செலவழித்த காசு ஜன்னல் வழியாக வெளியே போகும். அதனால் இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மாறினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதே விளம்பரத் தாளைத் தமிழில் அடித்து என் கையில் கொடுத்தார் ஒரு விற்பனைக்காரர். 'வெப்பத்தைத் தடுக்கும்' என்று ஒரு வரி. சித்திரை வெயிலில் நம் அறைக்குள் வருகிற சூட்டில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக நேரே இறங்குகிற வெயில். சட்டம் எதனால் ஆனது என்பது அதற்குப் பிறகுதான். வெயிலைத் தடுப்பது ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடும், வெளியே தொங்குகிற தட்டியும், தெருவோர வேப்பமரமும். அலுமினியத்தை எடுத்துக்கொண்டால் அது இரும்பைவிட நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இரும்பு சுடுகிறது என்று சொல்லி அலுமினியத்துக்கு மாறுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் காற்று. பெரிய வீடுகளில் முற்றம் இருந்தது. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும், நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுப்பிரமணியபுரத்து வீட்டில் முற்றம் கிடையாது. அந்த வேலை முழுவதும் ஜன்னல் தலையில்தான். கீல் வைத்த இரும்புக் கதவை முழுக்கத் திறந்தால் திறப்பு முழுவதும் காற்றுக்குத்தான். இரண்டு தடத்தில் நகர்கிற யுபிவிசி ஜன்னலில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மேலே இருந்த வென்டிலேட்டரையும் மாற்றும் வேலையில் கண்ணாடி வைத்து அடைத்துவிடுகிறார்கள். பிறகு வீடு புழுங்குகிறது என்று ஏசி வாங்குகிறார்கள்.

வெளிச்சத்திலும் நஷ்டம் உண்டு. இரும்புச் சட்டத்தின் அகலம் ஒன்று ஒன்றரை அங்குலம். யுபிவிசியில் சட்டமும் அதற்குள் இருக்கிற கதவும் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் போய்விடும். மூன்றடி ஜன்னலில் இரண்டு பக்கமும் நாலு நாலாகக் கழித்துப் பாருங்கள்.

இதற்காக இரும்பு ஜன்னல் நல்லாத்தான் இருக்கிறது என்று சாதிக்க வரவில்லை. எங்கள் வீட்டு வடக்குப் பக்க ஜன்னல்களின் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் கழற்றி எறியத்தான் தோன்றும். ஐப்பசி கார்த்திகை மழை அந்தப் பக்கத்தில்தான் சாத்துகிறது. மேற்கு ஜன்னல்கள் வெயிலில் வெந்து பெயிண்ட் பொரிந்து கிடந்தாலும் இரும்பு அப்படியே இருந்தது. வடக்கில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அடியில்தான் விஷயம்.

பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வயது அறுபதுக்கு மேல். இதே மாதிரி ஜன்னல்களைச் சின்ன வயதில் செய்தவர். கையில் ஒரு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல். வடக்கு ஜன்னலின் அடிச்சட்டத்தில் திருப்புளியை வைத்து நெம்பினார். பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் துரு உரிந்து விழுந்தது. கை நிறைய அள்ளலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் சாவகாசமாக உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார். டங் என்று சத்தம் வந்தது.

"ஏம்மா, இது அத்தனையும் மேல்தோலு. உள்ள இரும்பு கெட்டியா இருக்கு. சத்தம் கேட்டியா?"

அடுத்த ஜன்னலில் அதே தட்டுக்குப் பொத்தென்று சத்தம். திருப்புளி உள்ளே போய் மறுபக்கம் வந்தது. "இது போச்சு," என்றார்.

இரும்பு துருவாக மாறும்போது ஊதிக்கொள்ளும். குறைந்தது இரண்டு மடங்கு, ஈரம் கோத்த துருவாக இருந்தால் அதற்கும் மேலே பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் அரை மில்லிமீட்டர் இரும்பு கரைந்த இடம் ஏதோ சட்டமே போய்விட்ட மாதிரி பயமுறுத்துகிறது. இதே வீக்கம்தான் கண்ணாடியை உடைக்கிறது, சுவரில் பதித்த இடத்தில் பூச்சைத் தள்ளி விரிசல் விடுகிறது. ஜன்னலோரம் யாரும் கல் எறியாமலேயே கண்ணாடி மூலையில் கோடு விழுந்திருந்தால் அந்த மூலையில் துரு இருக்கிறது என்று அர்த்தம்.

துருவைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்கு வெளியூர் ஆள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிக்ரிக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். இந்தியாவுக்கான துருப்பிடிப்பு வரைபடத்தைத் தயாரித்ததே அவர்கள்தான். ராமேஸ்வரம் பக்கத்தில், கடலோர மண்டபம் ஊரில் அவர்களுக்கு ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது. கடல் காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று அங்கே பார்க்கிறார்கள். மண்டபத்து வீட்டு ஜன்னலையும் நம் ஊர் ஜன்னலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காற்றில் உப்பு இருக்கிற இடத்தில் இரும்பு ஜன்னலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இங்கே எதிரி உப்பு இல்லை, தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்.

அது தேங்குவதற்குக் காரணம் நாமேதான். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற கையோடு ஜன்னலுக்கும் ஒரு கோட்டிங் எனாமல் என்று அடித்து அடித்து, அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிவதற்காக விட்ட சின்னத் துளை அடைபட்டுப் போகிறது. கதவும் சட்டமும் சேர்கிற இடத்தில் பெயிண்ட் தடித்துக் கதவு முழுசாகச் சாத்தாமல் நிற்கிறது. உடனே 'ஜன்னல் வளைந்துவிட்டது' என்கிறோம். சுத்தியலால் அடித்துச் சாத்துகிறோம். அப்போதுதான் நிஜமாகவே வளைகிறது. கிழக்கு அறை ஜன்னல் ஒன்று பல வருடமாகச் சாத்தாமல் இருந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டி, கீலில் எண்ணெய் விட்டதோடு அது சரியாகிவிட்டது.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் பழைய பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. கிரைண்டிங் மெஷினை வைத்துக் காய்ந்த பெயிண்டை ஓட்டினால் வீடு முழுக்கத் தூசி பரவும். தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், மூக்கை மூட வேண்டும், விழுந்ததைக் கூட்டாமல் ஈரத் துணியால் எடுக்க வேண்டும். பிள்ளைகளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மற்ற வேலை இப்படி. வெல்டு வைக்கிற ஜன்னல் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் தெறிக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கிற பழைய மக்குப் பூச்சு இறுகிக் கிடக்கும். சின்ன உளியால் பொறுமையாகத்தான் எடுக்க முடியும், அப்போதும் ஒன்றிரண்டு உடையும். ஓட்டை விழுந்த அடிச்சட்டத்தை மட்டும் நல்ல இரும்பு தெரிகிற இடம்வரை வெட்டிவிட்டு, அதே அளவு இசட் ஆங்கிள் துண்டை வைத்துப் பற்ற வைத்து, மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். தேய்த்த இரும்பை ராத்திரி அப்படியே விடக் கூடாது. மழைக்காலத்தில் விடிவதற்குள் செம்மை ஏறிவிடும். அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். கடையில் சும்மா 'ரெட் ஆக்சைடு' என்று கேட்டால் மலிவானதைக் கொடுப்பார்கள். அது வெறும் மூடிதான், துருவை எதிர்க்கிற சரக்கு அதில் கிடையாது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள்.

எட்டாத இடுக்கில் மிஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் வருகிறது. தடவினால் செந்துரு கருப்பாக மாறி அடங்கும். பல கன்வெர்ட்டர்களில் இருப்பது டானின் என்கிற துவர்ப்புச் சத்து. நம் பெரிய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தில் ஊறப்போட்டுக் கலந்த கடுக்காயில் இருக்கிற அதே சத்து. கடுக்காய்த் தண்ணீர் பட்ட இரும்புச் சட்டி கருத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. கடுக்காயை இடித்து ஜன்னலில் பூசச் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பிவிடாதீர்கள்.

கண்ணாடியைத் திரும்ப வைக்கும்போது மக்கு விஷயத்தில் பெயிண்டர் அவசரப்படுவார். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கு மரத்தில் சீக்கிரம் இறுகும், ஏனென்றால் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு உறிஞ்சாது. காற்றுப்பட்டுத் தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன் பிறகுதான் பெயிண்ட். அந்தப் பெயிண்ட் மக்கோடு நிற்காமல் கண்ணாடி மேலும் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் மக்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் தண்ணீர் இறங்காது. நம் பெயிண்டர்கள் கண்ணாடி சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அந்த ஓரத்தைப் பிளேடால் வழித்து எடுத்துவிடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

சரி, எதை மாற்றினோம்? பொத்தென்று சத்தம் கேட்ட ஜன்னலில் கதவு மட்டும் போயிருந்தால் பிழைத்திருக்கும். சுவரில் பதித்த சட்டமும், அதைப் பிடித்திருந்த கிளாம்பும் உளுத்திருந்தன. பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். இதை ஒட்டுப்போடுவது வீண். அப்புறம் அம்மா படுக்கிற அறை. அங்கே இரவெல்லாம் ஏசி ஓடுகிறது, இரும்பு ஜன்னலின் இடைவெளியில் குளிர்காற்று கசிகிறது. கொசு வேறு. வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னலுக்கு வலை உள்பக்கம்தான் போட முடியும், போட்டால் கொக்கியை மாட்டக் கை போகாது. கொசுதான் இரும்பு ஜன்னலின் நிஜமான எதிரி என்பது என் கட்சி. காந்தப் பட்டையில் ஒட்டுகிற வலையை மற்ற அறைகளில் போட்டோம், பரவாயில்லை. வயதானவர்கள் தினமும் எடுத்து மாட்ட அது சரிப்படாது. அம்மா அறைக்கு வலைக்கென்று தனித் தடம் உள்ள யுபிவிசியே போட்டோம்.

அதை வாங்கும்போது கேட்க வேண்டியவை உண்டு. உள்ளே இரும்பு வலுவூட்டல் இருக்கிறதா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். யுபிவிசி தனியாக நிற்கிற அளவு விறைப்பு இல்லாத பொருள், சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் ஓட வேண்டும், மலிவுச் சரக்கில் அதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். வெயிலில் அது இரும்பைவிட ஐந்தாறு மடங்கு நீளும். நாலடிச் சட்டம் முப்பது டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டர், இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நகராது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் அதற்கு இடம் விட்டு சிலிகான் வைக்க வேண்டும், சிமெண்ட் வைத்து இறுக்கிப் பூசிவிடக் கூடாது. எங்களுக்கு வந்த கொத்தனார் சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டுதான் நின்றார்.

விலைப்பட்டியலில் வராத செலவு கிரில். இரும்புச் சட்டத்தோடு பற்ற வைத்த கிரில், சட்டம் போனால் கூடவே போய்விடும். புது ஜன்னலுக்குத் தனியாகப் புது கிரில் என்று அப்புறம்தான் சொல்வார்கள். எங்கள் பட்டறை அண்ணன் சட்டத்தை நடுவில் அறுத்து, உள்பக்கமாக மடித்து இழுத்தார். நெம்புகோல் போட்டு மொத்தமாகப் பெயர்த்தால் பழைய சுவரில் பூச்சு ஒரு முழத்துக்குக் கழன்றுவிடும். கிரில்லைச் சுற்றிச் சட்டத்தை அறுத்து எடுத்து, ஓரத்தில் நாலு பட்டை வைத்து, யுபிவிசிக்கு வெளியே சுவரில் தனியாகப் பதித்துக் கொடுத்தார். மிச்ச இரும்பு பழைய இரும்புக்கடைக்குக் கிலோ கணக்கில் போயிற்று. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு ஜன்னலுக்கு விலை பேச பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது, இசட் ஆங்கிளை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள்.

இரண்டு ஜன்னல் புதுசு, மற்றதெல்லாம் பழசு. பழுது பார்த்ததற்கு ஆன செலவு, அத்தனையையும் மாற்றக் கேட்ட தொகையில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் நாள் இழுத்தது, பட்டறைக்காரரும் பெயிண்டரும் கொத்தனாரும் ஒரே நாளில் வந்ததே இல்லை. ஊரில் இருந்து மேற்பார்க்க ஆள் இல்லாதவர்கள் மொத்தமாக மாற்றிவிட்டுப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரிலேயே இருக்கிறவர்கள் புரட்டாசிக்குள் அடிச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள், வடக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், அடைபட்ட துளையை ஒரு ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.